சிறையறையில் ஆராதனை: டீட்ரிக் போன்ஹோஃபரின் கடைசி இரண்டு ஆண்டுகள்

டீட்ரிக் போன்ஹோஃபர் (1906 பிப்ரவரி 4 – 1945 ஏப்ரல் 9) ஜெர்மனியைச் சேர்ந்த லுத்தரன் போதகரும் இறையியல் அறிஞரும் ஆவார். ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்தமைக்காக 1943ஆம் ஆண்டு கைது செய்யப்பட்ட அவர், ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதமே இருந்தபோது தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. வாழ்வின் கடைசி இரண்டு ஆண்டுகள் அவருக்குப் பிரசங்க மேடை இல்லை; ஞாயிறுதோறும் கூடும் சபையும் இல்லை. ஆராதனையைப் பற்றி மற்றவர்களுக்குக் கற்பித்த ஒருவர், அது கிடைக்காத இடத்தில் வாழ நேர்ந்தது. ஆலயமும் சபையும் இல்லாதபோது ஆராதனையில் எது மிஞ்சும், ஆராதனை எதற்காக என்ற கேள்விகளுக்கு அவர் சிறையில் கண்ட விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

இளமையும் கல்வியும்

போன்ஹோஃபர் பிரெஸ்லாவு நகரில் பிறந்தார். அது இன்று போலந்து நாட்டில் விரோத்சுவாஃப் என்ற பெயரில் உள்ளது. தந்தை கார்ல் போன்ஹோஃபர் பெயர்பெற்ற மனநல மருத்துவர். 1912 முதல் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். எட்டுப் பிள்ளைகள் கொண்ட அக்குடும்பம் ஆலயத்துக்கு அதிகம் செல்லும் குடும்பம் அன்று. தாய் பாவுலாதான் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைகளையும் பாடல்களையும் வீட்டிலேயே கற்பித்தார். ஆகவே, வழிபாடு ஆலயத்துக்கு வெளியிலும் நடக்கும் என்பது போன்ஹோஃபருக்குச் சிறுவயதிலேயே பழகிய ஒன்று.

21ஆம் வயதில் அவர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வை முடித்தார். திருச்சபை என்றால் என்ன என்பதே ஆய்வின் பொருள். கிறிஸ்து இவ்வுலகில் சமூகமாக, மனிதர்களின் கூட்டுறவாக இருக்கிறார் என்பது அதன் மையக் கருத்து. 1930-31இல் அவர் நியூயார்க்கில் படித்தார். அங்கே ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் கூடிய அபிசீனியன் பாப்டிஸ்ட் சபையின் ஆராதனைகளுக்குச் சென்றார். ஞாயிறு பள்ளியில் பாடமும் நடத்தினார். ஒடுக்கப்பட்ட மக்கள் துன்பத்தையும் நம்பிக்கையையும் ஒரே பாட்டில் பாடியது அவரை ஆழமாகத் தொட்டது. அந்தப் பாடல்களின் இசைத்தட்டுகளை அவர் ஜெர்மனிக்குக் கொண்டுசென்று, பின்னாளில் தம் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்.

ஆலயங்கள் திறந்திருந்தபோது எழுந்த சிக்கல்

1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சித்தலைவரானார். அதே ஆண்டு ஏப்ரலில், யூத மரபில் வந்தவர்களை அரசுப் பணிகளிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. 'ஜெர்மன் கிறித்தவர்கள்' என்ற பெயரில் இயங்கிய நாசி ஆதரவுக் குழுவினர் இந்த விதியைத் திருச்சபைக்குள்ளும் கொண்டுவர முயன்றனர். அவ்வாண்டு ஜூலையில் நடந்த சபைத் தேர்தல்களில் அவர்களே பெரும்பான்மை பெற்றனர்.

இந்தக் காலத்தில் ஆலயங்கள் பூட்டப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணிகள் ஒலித்தன; பாடல்கள் பாடப்பட்டன; பிரசங்கங்கள் நடந்தன. சில ஆலயங்களில் சிலுவைக்கு அருகிலேயே நாசிக் கொடியும் நின்றது. ஆராதனையின் வடிவம் முழுவதும் இருந்தது. ஆனால் அயலான் விரட்டப்படுவதைப் பற்றி அந்த ஆராதனை பேசவில்லை.

இந்தத் தவற்றில் போன்ஹோஃபருக்கும் பங்கு இருந்தது. அவருடைய இரட்டைச் சகோதரி சபீனாவின் கணவர் கெர்ஹார்ட் லைப்ஹோல்ட்ஸ் யூத மரபில் வந்தவர். 1933 ஏப்ரலில் கெர்ஹார்டின் தந்தை இறந்தபோது, அடக்க ஆராதனையை நடத்தித் தரும்படி குடும்பத்தார் போன்ஹோஃபரைக் கேட்டனர். இறந்தவர் ஞானஸ்நானம் பெறாத யூதர். சபை மேலதிகாரியின் ஆலோசனைப்படி போன்ஹோஃபர் மறுத்துவிட்டார். சில மாதங்களுக்குப் பின் கெர்ஹார்டுக்கு எழுதிய கடிதத்தில், தாம் அப்போது கொண்ட அச்சத்தை எண்ணி வேதனைப்படுவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். சபை ஒழுங்கைக் காத்த அந்தச் செயலில் அயலான் கைவிடப்பட்டதை அவர் பின்னர் உணர்ந்தார்.

1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய எதிர்ப்பாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டு, நாசி ஆதரவுச் சபையிலிருந்து தங்களை வேறுபடுத்திக்கொண்டனர். 'அறிக்கையிடும் திருச்சபை' என அழைக்கப்பட்ட இந்த அணியில் போன்ஹோஃபர் முக்கியப் பங்காற்றினார்.

பிங்கன்வால்டே: கூடிவாழ்ந்த காலம்

அந்தக் காலத்தில் காந்தியின் ஆசிரமத்துக்கு வந்து கூட்டு வாழ்க்கையையும் அகிம்சையையும் கற்க வேண்டும் என்ற விருப்பம் போன்ஹோஃபருக்கு இருந்தது. 1934 நவம்பர் 1 அன்று காந்தி அவரை வரவேற்றுக் கடிதம் எழுதினார். ஆனால் அறிக்கையிடும் திருச்சபை தன் இளம் போதகர்களைப் பயிற்றுவிக்க அவரை அழைத்ததால் இந்தியப் பயணம் நடக்கவில்லை. 1935இல் தொடங்கிய அந்தப் பயிற்சிப் பள்ளி, சில வாரங்களில் பிங்கன்வால்டே என்ற ஊருக்கு மாறியது.

அங்கே நாள் காலை ஆராதனையுடன் தொடங்கி மாலை ஆராதனையுடன் முடிந்தது. சங்கீதங்களை வரிசையாக வாசித்தனர். காலையில் அரைமணி நேரம் ஒவ்வொருவரும் ஒரு வேதப்பகுதியைத் தனியே தியானிக்க வேண்டும். அங்கிருந்த இன்னொரு விதி புகழ்பெற்றது: ஒருவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிப் பேசக்கூடாது, தவறிப் பேசிவிட்டால் அவரிடமே சென்று சொல்லிவிட வேண்டும். காலையில் செய்த செபம் உண்மையா என்பது, பகலில் சகோதரனைப் பற்றி வாய் என்ன பேசுகிறது என்பதில் தெரியும் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் உள்ளது.

1937இல் ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ இப்பள்ளியை மூடியது. பழைய மாணவர்கள் பலர் கைதாயினர். மறுஆண்டு செப்டம்பரில் சபீனாவும் கணவரும் பிள்ளைகளுடன் நாட்டைவிட்டுத் தப்பினர். கோட்டிங்கன் நகரில் அவர்கள் விட்டுச்சென்ற வீட்டில் தங்கி, ஏறத்தாழ நான்கு வாரங்களில் போன்ஹோஃபர் 'கூடிவாழ்தல்' என்று பொருள்படும் நூலை எழுதினார். அது 1939இல் வெளிவந்தது. கிறித்தவர்கள் ஒன்றாகக் கூடி வாழ்வது உரிமையன்று, கடவுள் அருளும் கொடை என்பது அதன் தொடக்கக் கருத்து. நோயாளிகள், சிதறிப் போனவர்கள், சிறையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு அந்தக் கொடை கிடைப்பதில்லை என்றும் அதில் நினைவூட்டினார். தனித்திருக்க இயலாதவர் கூட்டத்தைக் குறித்தும், கூட்டத்தில் வாழாதவர் தனிமையைக் குறித்தும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் இவை அவருடைய சொந்த நிலைமை ஆயின.

1938 நவம்பர் 9

1938 நவம்பர் 9 இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் தொழுகைக் கூடங்கள் எரிக்கப்பட்டன. போன்ஹோஃபர் நாள்தோறும் செபிக்கப் பயன்படுத்திய வேதாகமத்தில், 74ஆம் சங்கீதத்தின் 8ஆம் வசனத்துக்கு அருகே அந்தத் தேதி எழுதப்பட்டுள்ளது. தேசத்திலுள்ள கடவுளின் ஆலயங்கள் சுட்டெரிக்கப்பட்டதைப் பற்றிய வசனம் அது. சங்கீதத்தைச் செபிக்கும்போது அவர் தம் தெருவில் நடந்ததையும் அதனுள் சேர்த்தே செபித்தார் என்பதற்கு அந்தச் சிறு குறிப்பு சான்றாகும். யூதர்களுக்காகக் குரல் கொடுக்காதவருக்கு ஆராதனை இசை பாடத் தகுதியில்லை என்ற கருத்தை அவர் மாணவர்களிடம் கூறியதாக, அவருடைய மாணவரும் நெருங்கிய நண்பருமான எபர்ஹார்ட் பெத்கே பின்னர் பதிவு செய்துள்ளார்.

1940இல் அவர் பொது இடங்களில் பேசவும், 1941இல் நூல் வெளியிடவும் தடை விதிக்கப்பட்டது. அக்கா கிறிஸ்டினாவின் கணவர் ஹான்ஸ் பான் தோனானி வழியாக, ராணுவ உளவுத்துறைக்குள் இயங்கிய ஹிட்லர் எதிர்ப்புக் குழுவில் அவர் சேர்ந்தார். யூத மரபில் வந்த 14 பேரைச் சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த திட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு.

டேகல் சிறையில்

1943 ஏப்ரல் 5 அன்று போன்ஹோஃபர் கைதாகி, பெர்லினில் உள்ள டேகல் ராணுவச் சிறையில் அடைக்கப்பட்டார். மரியா பான் வேடமையருடன் திருமணம் நிச்சயமாகி அப்போது மூன்று மாதம்கூட முழுதாக முடியவில்லை. முதல் நாட்களில் கொடுக்கப்பட்ட போர்வை, நாற்றம் தாங்காமல் போர்த்த முடியாத நிலையில் இருந்தது. ரொட்டியை அறைக்குள் தரையில் வீசினர். பெர்லின் நகரப் படைத்தலைவர் அவருடைய உறவினர் என்று தெரிந்தபின் காவலர்களின் நடத்தை மாறியது; கூடுதல் உணவு தரவும் முன்வந்தனர். அது மற்றக் கைதிகளின் பங்கிலிருந்து வரும் என்பதால் அவர் மறுத்துவிட்டார்.

ஆலயம் இல்லாத அந்த அறையில் அவர் பிங்கன்வால்டே ஒழுங்கைத் தனியாளாகத் தொடர்ந்தார். காலையும் மாலையும் செபித்தார். சங்கீதங்களை வாசித்தார். 17ஆம் நூற்றாண்டுப் பாடலாசிரியர் பவுல் கெர்ஹார்டின் பாடல்களை மனப்பாடம் செய்தார். லுத்தர் தம் ஞானோபதேச நூலில் கூறியபடி, காலை மாலை செபங்களின்போது சிலுவை அடையாளம் இட்டுக்கொள்வது உதவியாக இருப்பதாக நண்பருக்கு எழுதினார். சனிக்கிழமை மாலையில் சிறை ஆலயத்தின் மணி ஒலிக்கும் நேரமே வீட்டுக்குக் கடிதம் எழுத ஏற்ற நேரம் என்றும் குறிப்பிட்டார். உள்ளிருந்து திறக்க முடியாமல், வெளியிலிருந்து யாரேனும் கதவைத் திறப்பதற்காகக் காத்திருக்கும் சிறையறை, கிறிஸ்துவின் வருகைக்காகக் காத்திருக்கும் காலத்துக்குப் பொருத்தமான உவமை என்றும் எழுதினார்.

எனினும் அவர் தம்மைப் பக்தியின் முன்மாதிரியாகக் காட்டிக்கொள்ளவில்லை. 1944 மார்ச்சில் எழுதிய கடிதத்தில், வேதாகமத்தை அதிகம் வாசிக்காமலேயே வாரங்கள் கழிவதாக வெளிப்படையாகச் சொன்னார். மீண்டும் திறக்கும்போது அது புதிதாகத் தெரிவதாகவும் சேர்த்தார்.

மற்றவர்களுக்கான செபங்கள்

சிறையில் இருந்தும் அவர் போதகராகவே இருந்தார். கைதான அடுத்த மாதம் பெத்கேவுக்கும் போன்ஹோஃபரின் அக்கா மகள் ரெனாதேவுக்கும் திருமணம் நடந்தது. நேரில் செல்ல முடியாததால் திருமணப் பிரசங்கத்தை அறையிலிருந்தே எழுதினார். 1943 கிறிஸ்துமஸுக்காகச் சக கைதிகளுக்கென்று செபங்களை எழுதினார். சிறைக் குருமார் வழியாக அவை அறைகளுக்குச் சென்றன. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, இக்கட்டான வேளைக்கு ஒன்று என்று அவை அமைந்தன. காலைச் செபம் சக கைதிகளோடு, அதே கட்டடத்தில் கடினமான பணி செய்பவர்களையும் நினைவுகூர்கிறது. பூட்டியவர்களும் பூட்டப்பட்டவர்களும் ஒரே செபத்தில் இடம்பெற்றனர்.

1944 ஜனவரி இறுதியில் எழுதிய கடிதத்தில் ஒரு விமானத் தாக்குதல் இரவைக் குறிப்பிடுகிறார். அனைவரும் தரையில் படுத்திருந்தபோது, வழக்கமாகக் கடவுளைப் பற்றிக் கவலைப்படாத ஒருவர் கடவுளை அழைத்துக் கதறினார். ஒரு போதகர் அந்தக் கணத்தில் வேதவசனம் சொல்லித் தேற்றுவார் என்று எவரும் எதிர்பார்ப்பர். போன்ஹோஃபர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது என்று மட்டும் சொன்னார். அச்சத்தில் இருக்கும் மனிதனின் பலவீனத்தைப் பயன்படுத்தி அவன்மேல் மதத்தைத் திணிக்க அவர் விரும்பவில்லை. அந்த மனிதனுக்கு அப்போது தேவைப்பட்ட உண்மையான ஆறுதலையே கொடுத்தார்.

கடிதங்களில் எழுந்த கேள்வி

1944 ஏப்ரல் 30 தேதியிட்ட கடிதம் முதல், பெத்கேவுக்கு எழுதிய கடிதங்களில் புதிய சிந்தனைகள் தோன்றுகின்றன. இன்று நமக்குக் கிறிஸ்து யார் என்ற கேள்வியை எழுப்பிய அவர், மதம் என்ற பழைய உடை கழன்றுபோன உலகில் ஆராதனைக்கும் செபத்துக்கும் என்ன பொருள் என்றும் கேட்டார். அவருடைய விடையைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

1. கடவுள் இடைவெளியை அடைக்கும் பொருள் அல்லர். மனித அறிவும் ஆற்றலும் தீரும் இடத்தில் மட்டும் கடவுளை அழைப்பது வழிபாடு ஆகாது. வாழ்வின் நடுவில், மகிழ்ச்சியிலும் வலிமையிலும் அவரை அறிய வேண்டும்.

2. துன்புறும் கடவுளோடு நிற்பதே நம்பிக்கை. கடவுளிடமிருந்து உதவி பெறுவது மட்டும் அன்று. உலகில் அவர் படும் துன்பத்தில் பங்கேற்பதும் கிறித்தவனுக்கு உரியது.

3. திருச்சபை தனக்காக இருப்பதன்று. பிறருக்காக வாழும்போதே அது திருச்சபை ஆகிறது. தன் சொத்துகளை ஏழைகளுக்குக் கொடுப்பதில் அது தொடங்க வேண்டும் என்று தாம் எழுத எண்ணிய நூலின் சுருக்கத்தில் குறிப்பிட்டார்.

1944 மே மாதம் பெத்கேயின் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. குழந்தைக்கு டீட்ரிக் என்றே பெயரிட்டனர். அந்த ஆராதனைக்கும் போன்ஹோஃபரால் செல்ல முடியவில்லை. குழந்தைக்காக எழுதியனுப்பிய சிந்தனைகளில், தம் தலைமுறைத் திருச்சபை தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்கே போராடியதால், மற்றவர்களிடம் பேசும் வலிமையை அதன் சொற்கள் இழந்துவிட்டன என்றார். இனி எஞ்சியிருப்பவை இரண்டே: செபிப்பது, மனிதர் நடுவே நீதி செய்வது. புதிய சொற்கள் இவ்விரண்டிலிருந்தும்தான் பிறக்க வேண்டும் என்று எழுதினார்.

தவறான புரிதல்

'மதமற்ற கிறித்தவம்' என்ற அவருடைய தொடரைக் கொண்டு, ஆலயமும் ஆராதனையும் தேவையில்லை என்று அவர் கூறியதாகச் சிலர் கருதுகின்றனர். இது சரியன்று. அதே கடிதங்களில் அவர் 'மறைவொழுக்கம்' என்ற பழைய வழக்கத்தை நினைவூட்டுகிறார். தொடக்ககாலத் திருச்சபை விசுவாச அறிக்கை, திருவிருந்து போன்றவற்றை ஞானஸ்நானம் பெற்றவர்களிடையே மட்டும் வைத்துப் போற்றியது. அதுபோல ஆராதனை உலகுக்குக் காட்டும் விளம்பரமாக இராமல், உள்ளே காக்கப்படும் வேராக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. வேர் வெளியே தெரியாது, கனி பிறருக்குரியது. செபம் இல்லாத நீதி தன்னையே நம்பத் தொடங்கும். நீதி இல்லாத செபம் 1933இல் நடந்ததுபோல் வெறும் ஒலியாகிவிடும்.

1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி தோற்றது. அதன்பின் ஒரு காவலரின் உதவியுடன் தப்பிச்செல்ல அவர் திட்டமிட்டார். ஆனால் அண்ணன் கிளவுஸ் கைதானதும், தாம் தப்பினால் குடும்பத்தார் துன்புறுவர் என்று எண்ணி அத்திட்டத்தைக் கைவிட்டார். அக்டோபர் 8 அன்று கெஸ்டாபோவின் நிலவறைச் சிறைக்கும், 1945 பிப்ரவரியில் பூகன்வால்ட் முகாமுக்கும் மாற்றப்பட்டார்.

கடைசி ஆராதனை

1945 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. பல நாடுகளைச் சேர்ந்த கைதிகளுடன் அவர் ஷோன்பெர்க் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூட அறையில் அடைக்கப்பட்டிருந்தார். ஆராதனை நடத்தும்படி கைதிகள் கேட்டபோது அவர் தயங்கினார். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். கடவுள் நம்பிக்கை இல்லாத வாசிலி கோகோரின் என்ற சோவியத் அதிகாரியும் இருந்தார். யாருடைய மனச்சாட்சியையும் நெருக்க அவர் விரும்பவில்லை. கத்தோலிக்கரும் கோகோரினும் விருப்பம் தெரிவித்த பிறகே ஆராதனையை நடத்தினார். ஏசாயா 53:5, 1 பேதுரு 1:3 ஆகிய அன்றைய வசனங்களை விளக்கினார்.

பக்கத்து அறையில் இருந்தவர்களும் ஆராதனையை விரும்பினர். அதற்குள் இருவர் வந்து அவரை அழைத்தனர். அதன் பொருள் அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். இங்கிலாந்திலுள்ள நண்பரான ஆயர் ஜார்ஜ் பெல்லுக்கு ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அவர் புறப்பட்டார். மறுநாள் விடியற்காலையில் பிளாசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். கிளவுஸும், அக்காமார் இருவரின் கணவர்களும் அதே மாதத்தில் கொல்லப்பட்டனர்.

போர் முடிந்த பின்னும் பெர்லினிலிருந்த பெற்றோருக்கு உறுதியான செய்தி கிடைக்கவில்லை. 1945 ஜூலை 27 அன்று லண்டனில் நடந்த நினைவு ஆராதனை வானொலியில் ஒலிபரப்பானது. அதைக் கேட்டே மகனின் மரணத்தை அவர்கள் உறுதியாக அறிந்தனர்.

தாக்கம்

சிறைக் கடிதங்களை பெத்கே 1951இல் நூலாக வெளியிட்டார். 2020இல் கொரோனா பெருந்தொற்றால் உலகெங்கும் ஆலயங்கள் மூடப்பட்டபோது, போன்ஹோஃபர் சந்தித்த கேள்வி பல விசுவாசிகளுக்கும் எழுந்தது. சிறைவாசமும் ஊரடங்கும் ஒன்றல்ல. ஆயினும் முதியவர், நோயாளி, வெளிநாட்டில் தனித்து வேலை செய்பவர் எனச் சபையைப் பிரிந்து வாழ்வோர் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்குப் போன்ஹோஃபரின் வாழ்க்கை இரண்டு செய்திகளைத் தருகிறது. சபை கூடுவது எளிதாகக் கிடைக்கும் உரிமையன்று. ஆகவே அது கிடைக்கும்போது நன்றியுடன் பெற வேண்டும். அது கிடைக்காதபோது ஆராதனை நின்றுவிடுவதில்லை. செபத்திலும், பக்கத்தில் இருக்கும் மனிதனுக்குச் செய்யும் நன்மையிலும் அது தொடர்கிறது. ஆலயத்தில் நடக்கும் ஆராதனையின் நோக்கமும் அதுவே.